யார் யாருக்குச் சொன்ன பழமொழி?

இன்னொரு மொழியைப் படிக்கிறவர்கள் அதன் பழமொழிகளைச் சோடி சோடியாகப் பாடமாக்குவது வழக்கம். ஒரு பக்கம் அந்த மொழி, மறுபக்கம் அதற்கு ஈடான ஆங்கிலம். தாய்லாந்துக்காரர் நீர் ஏறும்போதே மொண்டுகொள்ளச் சொல்வார்கள். ஆங்கிலேயர் வெயில் எறிக்கும்போதே புல்லைக் காயவைக்கச் சொல்வார்கள். நாங்கள் காற்றுள்ளபோதே தூற்றச் சொல்கிறோம். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் தென்மராட்சி வயலில் சூடடித்த நெல்லைச் சுளகில் ஏந்திக்கொண்டு காற்றுக்காகக் காத்து நின்றவருக்கு அது அன்றைய வேலை, அன்றைய கவலை. எது கைநழுவிப் போகும் என்று ஒரு ஊர் பயந்ததோ, அதைத்தான் அந்த ஊரின் பழமொழி பிடித்து வைத்திருக்கிறது.

இந்தச் சோடிப் படிப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1843இல் இங்கேதான் அச்சிட்டார். 'திருட்டாந்த சங்கிரகம்' என்பது அதன் பெயர். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக இருக்கிற பாடசாலையை நடத்தியவர் அவர். ஆறுமுக நாவலர் அங்கே படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவலின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். பின்னர் பேர்சிவல் சென்னைக்குப் போய் அந்தத் தொகுப்பைப் பெருக்கி, 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு வெளியிட்டார். அவர் அகரவரிசையில் அடுக்கினார். டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் யென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்புத் தந்தார். இவர்கள் எழுதி வைத்திராவிட்டால் எத்தனையோ சொல் மண்ணோடு போயிருக்கும். அந்தக் கடன் பெரியது.

ஆனாலும் எந்தத் தொகுப்பிலும் ஒன்று விடுபட்டே போகிறது. அந்தச் சொல்லை யார் சொன்னார், யாருக்குச் சொன்னார் என்பதுதான் அது.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேணும்." இதை ஆங்கிலத்தில் பெயர்க்கலாம், ஏற்றதை ஏற்றபடி நடத்து என்று பொருளும் எழுதலாம். எங்கள் முற்றங்களில் இது யாருக்குச் சொல்லப்பட்டது? கண்கலங்கித் தாய்வீடு திரும்பிய பெண்ணுக்கு. சொன்னவர்களும் பெரும்பாலும் பெண்களே, தாங்களும் அப்படி ஏறியவர்கள். அந்த ஒரு வசனத்தோடு பேச்சு முடிந்துவிடும். பழமொழிக்கு எதிர்ப்பேச்சு பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட பிள்ளை வேறென்ன சொல்வாள்? நூறு வருட அனுபவம் அவள் வாயைப் பொத்தியிருக்கிறது. சாதியைச் சொல்லிக் குத்துகிற பழமொழிகளும் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆராய்கிறவர் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குக் கையளிக்க வேண்டியவை அல்ல அவை. முன்னோர் சொன்னது என்பதற்காக ஒரு சொல்லை நாங்களும் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அதே வாயால் ஆறுதலும் வந்திருக்கிறது. "மரத்தால விழுந்தவனை மாடேறி மிதிச்ச மாதிரி" என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். பனையில் ஏறி இறங்கிச் சீவுகிற குடும்பத்தில் மரத்தால் விழுவது வெறும் உவமையாக இருக்க முடியாது. விழுந்து இடுப்பு முறிந்தவர் இருந்த வீட்டில் அந்தச் சொல்லை லேசாகச் சொல்லிவிட மாட்டார்கள். பிறகு போரும் இடப்பெயர்வும் வந்தபோது, மரமே ஏறாதவர்களும் அதைத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எது இருந்தது?

இதே பழமொழி சிங்களத்திலும் உண்டு. அங்கே மாடு மிதிப்பதில்லை, கொம்பால் குத்துகிறது. மற்றபடி அதே மரம், அதே விழுந்த மனிதன். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று நான் ஆராயவில்லை. இருவரும் ஒரே தீவில் ஒரேவிதமான மரங்களின் கீழே வாழ்ந்திருக்கிறோம் என்பது எனக்குப் போதும். செவிடன் காதில் நாங்கள் சங்கு ஊதுகிறோம். அவர்கள் செவிட்டு யானைக்கு வீணை வாசிக்கிறார்கள். தாய்லாந்தில் எருமைக்குப் பிடில் வாசிக்கிறார்கள். கேளாதவரிடம் பேசிக் களைத்த மனிதர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். இலங்கையிலே அந்தக் களைப்பை இரண்டு பக்கமும் நன்றாக அறியும்.

2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. அதற்காகவே சிங்களம் படிக்கிற இளைஞர்கள் இங்கே பலர். கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் அது உதவும். ஆனால் வவுனியாவைத் தாண்டி ஒரு கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் தாய் இறந்த துக்கத்தோடு வந்து இருக்கும்போது என்ன சொல்வது என்பதைப் படிவம் சொல்லித்தராது.

சிங்களம் படிக்கிற தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஆசிரியரிடம் பழமொழிகளைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஈடு என்ன என்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் வீட்டில் இதை யார் சொல்வார், எப்போது சொல்வார், யாரிடம் சொல்லக்கூடாது என்றும் கேளுங்கள். தமிழ் படிக்க வருகிற சிங்களப் பிள்ளை உங்களிடம் இதையே கேட்டால், பெருமைப்படக்கூடியதை மட்டும் பொறுக்கிக் கொடுக்காமல், வெட்கப்பட வேண்டியதையும் அப்படியே சொல்லுங்கள்.