உடையவரும் காப்பவரும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில் அமைந்துள்ளது எலப்புள்ளி. பனைகளும் வயல்களும் சூழ்ந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாக வரும் காற்று ஆண்டில் சில மாதங்கள் அங்கே ஓயாமல் வீசும். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும் பகுதி அது. அவ்வூரைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், சென்ற ஆண்டு ஒரு சந்தேகத்துடன் என்னைக் காண வந்தார். தியானம் பற்றியோ கீதை பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரு குதிரையைப் பற்றி.

அவருடைய மகள் சிறுமியாக இருந்தபோது, தத்தமங்கலத்தில் அங்காடி வேலாவை ஒட்டி நடைபெறும் குதிரையோட்டத்தைப் பார்த்துவிட்டு, தானும் குதிரையேற்றம் கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தந்தை ஒரு பெண் குதிரையை வாங்கித் தந்தார். பின்னர் மகள் திருமணமாகி வெளிநாடு சென்றுவிட்டாள். குதிரை இருந்தது. அதற்கு அப்போது 24 வயது. நல்ல பராமரிப்பில் உள்ள குதிரைகள் 25, 30 ஆண்டுகள் வாழும் என்பதை வைத்துப் பார்த்தால், முதுமையின் கடைசிப் படி. வீட்டில் வைத்துப் பேண இடமில்லாததால், கட்டணம் பெற்றுக்கொண்டு பிறருடைய குதிரைகளைப் பராமரிக்கும் ஒரு லாயத்தில், கோவைப் பக்கம், அதை விட்டிருந்தார். மாதம் ஒருமுறை சென்று பார்ப்பார். பணம் கட்ட ஒருநாளும் தாமதித்ததில்லை.

லாயத்தின் மேலாளருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு தீவனத்தில் தொடங்கியது. ஒருமுறை அன்பர் சென்றபோது தீவனத் தொட்டியில் உலர்ந்த புல் இல்லை; ஊறவைத்த தவிட்டுக் கூழ் மட்டுமே இருந்தது. குதிரையின் விலா எலும்புகள் தெரிந்தன. கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டினி போடுகிறார்களே என்று கொதித்தார். மேலாளரோ, பல் தேய்ந்த குதிரையால் புல்லை மென்று விழுங்க முடியவில்லை, மீறிக் கொடுத்தால் குடலில் அடைத்துக்கொள்ளும் என்றார். அடுத்து நடை. மேலாளர் அதைத் தினமும் அரைமணி நேரம் நடத்திச் செல்வார். இந்த வயதில் இது கொடுமை என்றார் அன்பர். மூன்றாவதுதான் கடினமானது. ‘அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு முடிவு எடுப்பது நல்லது’ என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். என்ன முடிவு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

‘தம்பி, குதிரை என்னுடையது’ என்றார் அன்பர்.

‘ஐயா, நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் மாதம் ஒருமுறை வருகிறீர்கள்’ என்றார் மேலாளர்.

இருவர் சொன்னதும் உண்மையே. ஒருவர் உரிமையைக் காட்டினார், மற்றவர் அறிவைக் காட்டினார். வாதம் அதற்கு மேல் நகரவில்லை. இவ்விரண்டையும் சற்று ஆராய்வோம்.

முதலில் ‘என்னுடையது’ என்ற சொல். ரோமாபுரியில் மூத்த கேட்டோ என்றொரு அரசியல் தலைவர் இருந்தார். பொ.ஆ.மு. 195-இல் தலைமைப் பதவி வகித்து ஸ்பெயினில் போர் நடத்தியவர். சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவர். போர் முடிந்து திரும்பும்போது, தம்மைச் சுமந்த போர்க்குதிரையை ஸ்பெயினிலேயே விட்டுவிட்டு வந்தாராம். கப்பல் கூலி அரசுக்கு வீண்செலவு என்பது காரணம். அவர் வரலாற்றை எழுதிய புளூடார்க் இதைப் பெருந்தன்மை என்பதா, சிறுமை என்பதா என்று வாசகரிடமே விட்டுவிடுகிறார். ஆனால் தம் கருத்தை மறைக்கவில்லை. நீதி மனிதர்களுக்கு இடையில் நின்றுவிடலாம், அன்பின் எல்லை அதைவிட விரிந்தது, உழைத்துத் தேய்ந்த குதிரையைக் காப்பது நல்லவனின் கடமை என்கிறார். ஏதென்ஸ் மக்கள் பார்த்தெனான் கோயிலைக் கட்டியபோது, கடுமையாக உழைத்த கோவேறு கழுதைகளை விடுவித்தார்கள். அவற்றுள் ஒன்று தானாகவே திரும்பி வந்து, வண்டி இழுக்கும் விலங்குகளின் அருகில் ஓடி, மலைமீது வழிகாட்டிச் சென்றதாம். சாகும்வரை பொதுச் செலவில் அதற்கு உணவளிக்க நகரத்தார் தீர்மானம் செய்தார்கள் என்றும் புளூடார்க் கூறுகிறார்.

நம் கௌடில்யரும் கஜானாவின் ஒவ்வொரு காசையும் கணக்குப் பார்த்தவர்தான். ஆயினும் அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதியில், குதிரைகளைப் பற்றிய அத்தியாயத்தில், போராலும் நோயாலும் முதுமையாலும் உழைப்பாலும் தளர்ந்த குதிரைகளுக்கு உணவளித்துக் காக்க வேண்டும் என்று விதிக்கிறார். சிகிச்சையில் செய்த தவறால் நோய் முற்றினால் செலவைப்போல் இருமடங்கு தண்டம். குதிரையே இறந்துபட்டால் அதன் விலை தண்டம். உருக்கமான சொல் ஒன்றும் அங்கே இல்லை. அரசாங்கச் சட்டத்தின் வறண்ட நடையில், கிழட்டுக் குதிரைக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. (நம் கிராமங்களில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரையைக்கூட, பழையதாகிவிட்டது என்று யாரும் அப்புறப்படுத்துவதில்லை. புதியது பக்கத்தில் வந்து நிற்கும். பழையது தானே சிதையும்வரை அங்கேயே இருக்கும்.)

மேலைத் தத்துவ அறிஞர் கான்ட், 1797-இல் வெளியான தமது ஒழுக்கவியல் நூலில், நெடுங்காலம் உழைத்த முதிய குதிரைக்கும் நாய்க்கும், வீட்டு மனிதர்களைப் போலவே கருதி நன்றி பாராட்ட வேண்டும் என்று எழுதினார். முதிய குதிரை என்றே குறிப்பிடுகிறார் என்பது மாணவப் பருவத்தில் இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அதே இடத்தில், கண்டிப்பாகப் பார்த்தால் இது மனிதன் தனக்குத் தானே ஆற்றும் கடமைதான் என்றும் சேர்க்கிறார். விலங்கிடம் கொடுமை காட்டுபவனின் உள்ளம் மரத்துப்போகும், அதனால் கூடாது என்பது அவர் வாதம். இது பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. பசித்திருப்பது குதிரை, வலிப்பது குதிரைக்கு. அந்த வலியைக் கடந்து என் உள்ளத்தூய்மையைப் பற்றி நான் கவலைப்படத் தொடங்கினால், கருணையும் ஒருவகைச் சுயநலமாகிவிடும். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காணும் மரபில் வந்தவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. கடமை நேரே அந்த உயிருக்கே உரியது. அப்படியானால் ‘என்னுடையது’ என்ற சொல் உரிமையைவிடக் கடனையே மிகுதியாகச் சுட்டும். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் நலம் பேணும் கடமையை விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது. உடைமையாளர் என்ற தகுதியை அங்கே தேடுவதில்லை.

இனி மேலாளரின் வாக்கியம். மகாபாரதத்தின் வனபர்வத்தில், உருமாறிய நளன் பாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் ரிதுபர்ணனிடம் குதிரைகளின் தலைவனாகச் சேர்கிறான். தமயந்தியின் சுயம்வரத்துக்கு ஒரே நாளில் விதர்ப்பம் செல்ல வேண்டும். பாகுகன் இளைத்த குதிரைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான். இவற்றால் எப்படி அவ்வளவு தூரம் ஓட முடியும் என்று மன்னன் சினக்கிறான். பாகுகன் அவற்றின் சுழிகளையும் குலத்தையும் காட்டி விளக்கிவிட்டு, வேறு குதிரைகள் வேண்டுமென்றால் அவற்றையே பூட்டுகிறேன் என்கிறான். மன்னன் தணிந்து, அறிந்தவன் நீ, உனக்குத் தகுந்தவையாகப் படுவதையே பூட்டு என்கிறான். உடையவன் அறிந்தவனுக்கு விட்டுக்கொடுத்த இடம் இது. ஆனால் அறிந்தவன் முதலில் காரணத்தை எடுத்துச் சொன்னான் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘நான் தினமும் பார்க்கிறேன்’ என்பது காரணம் ஆகாது.

குதிரைகளின் பொறுப்பாளரை வடமொழியில் அசுவாத்யக்ஷன் என்பர். அத்யக்ஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் தலைவர், மேற்பார்வையாளர் என்றெல்லாம் எழுதிப் பார்த்திருக்கிறேன். சொல்லின் உள்ளே இருப்பது ‘கண்’. மேலே கண் வைத்திருப்பவன் என்பதே அடிப்படைப் பொருள். கண் வைப்பது எளிதன்று. தினமும் பார்ப்பவரின் கண்ணுக்கு மெல்ல மெல்ல நிகழும் மாற்றம் தெரியாது. வீட்டில் வளரும் குழந்தையின் உயரத்தை வெளியூரிலிருந்து வரும் மாமாதான் முதலில் சொல்வார். மாதம் ஒருமுறை வருபவருக்கு மெலிவு பளிச்சென்று தெரியும், அதன் காரணம் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் சந்தேகம் வந்து அமர்ந்துகொள்ளும். இதனாலேயே, 1983-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் ஹென்னெகே என்பவரும் அவருடைய சகாக்களும் குதிரையின் கழுத்து, விலா, முதுகு முதலிய ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடும் ஒரு முறையை வகுத்தார்கள். நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணிப்பதும் உண்டு. மாதந்தோறும் குறித்து வைத்த எண் ஒன்று இருந்திருந்தால், அந்த லாயத்தில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

‘முடிவு’ பற்றிய கேள்வி இவற்றைவிட ஆழமானது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிட்டார். காந்தியடிகள் ஆசிரமவாசிகளுடன் கலந்து பேசினார். உயிரைத் தர முடியாத நமக்கு அதை எடுக்க உரிமையில்லை என்ற எதிர்ப்பும் எழுந்தது. இறுதியில் ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கச் செய்தார், அருகிலேயே இருந்தார், அதைத் தம் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். நாடெங்கிலுமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் செய்தது சரியா என்பதில் இன்றும் சான்றோர் வேறுபடுகிறார்கள். எனக்கும் இதில் ஐயமற்ற விடை கிடையாது. ஆனால் அவர் தம்மையே கேட்டுக்கொண்ட கேள்வியிலிருந்து தப்ப முடியாது: இதில் என் சுயநலம் ஏதேனும் கலந்திருக்கிறதா? லாயத்தில் ஓர் இடம் காலியாக வேண்டும் என்ற எண்ணம் மேலாளரிடம் இருந்திருக்கலாம். மகளின் நினைவைப் பிரிய மனமில்லாமல் ஒரு பிராணியை வலியில் நிறுத்தி வைத்திருக்கும் பற்று அன்பரிடமும் இருந்திருக்கலாம். முன்னதை நாம் எளிதில் கண்டிப்போம். பின்னதற்கு அன்பு என்று பெயரிட்டுவிடுவோம்.

துரோண பர்வத்தில் ஒரு காட்சி வருகிறது. ஜயத்ரதனைச் சூரியன் மறைவதற்குள் வீழ்த்தியாக வேண்டும். பாதி வழியில் குதிரைகள் அம்புபட்டுத் தளர்ந்துவிடுகின்றன. அர்ஜுனன் கிருஷ்ணரிடம், ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்கிறான். குதிரைகளை அவிழ்த்து அம்புகளைப் பிடுங்கலாம் என்று தன் எண்ணத்தையும் சொல்கிறான். தமக்கும் அதுவே சம்மதம் என்கிறார் தேரோட்டி. அர்ஜுனன் தேரைவிட்டு இறங்கித் தரையில் நின்று, சுற்றி வரும் சேனையைத் தடுக்கிறான். குதிரைகளுக்குக் குடிக்க நீரில்லை என்று கிருஷ்ணர் சொன்னதும், அம்பால் நிலத்தைப் பிளந்து ஒரு நீர்நிலையை உண்டாக்குகிறான். கிருஷ்ணர் அம்புகளை எடுத்து, உடலைத் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, உணவளித்து மீண்டும் பூட்டுகிறார். தேருக்கு உடையவன், அவசரம் அவனைவிட யாருக்கும் இல்லை. அவன் கேட்டான், இறங்கினான், காவல் நின்றான். என்ன தேவை என்று காப்பவர் சொன்னார்.

அன்பரிடம் நான் குதிரையைப் பற்றி ஆலோசனை கூறவில்லை; எனக்கு அதில் அறிவு கிடையாது. சில நாட்கள் லாயத்திலேயே தங்க இயலுமா என்று மட்டும் கேட்டேன். முகம் சுளித்தார். பிறகு ஒன்பது இரவுகள் தங்கினார்.

பகலில் அவர் கண்டது, மேலாளர் சொன்னதையே. தாமே ஆசையுடன் ஊட்டிய புல், பாதி மென்ற உருண்டையாக வாயிலிருந்து விழுந்தது. காலையில் மரக்கட்டைபோல் இருந்த கால்கள் நடந்த பின் இளகின. இரவில் கண்டது, மேலாளர் சொல்லாதது. நள்ளிரவில் குதிரை தலையைத் தொங்கவிட்டு நின்றது; திடீரென முன்னங்கால்கள் மடிந்தன; விழப்போய், திடுக்கிட்டு நிமிர்ந்தது. ஓர் இரவில் இப்படிப் பலமுறை. குதிரைகள் நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். மூட்டு வலியுள்ள முதிய குதிரை, படுத்தால் எழ முடியாது என்று அஞ்சிப் படுப்பதையே விட்டுவிடும். முன்னங்கால் கணுக்களில் இருந்த புண்களை, நடக்கும்போது இடறியதால் வந்தவை என்று கருதி மேலாளர் மாதக்கணக்கில் களிம்பு தடவி வந்திருக்கிறார். தினமும் பார்த்தேன் என்றவர் பகலில்தான் பார்த்திருந்தார். அதைக் கேட்டதும் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார் என்று அன்பர் கூறினார்.

மருத்துவர் வந்து வலிக்கு மருந்து தந்தார். மரத்தூளைக் கனமாகப் பரப்பி, திரும்பிப் படுக்க வசதியாக இடத்தை அகலப்படுத்தினார்கள். அடுத்த மழைக்காலத்தைப் பற்றி இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதைப் பேசும்போது மட்டும் இருவருமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அன்பர் எலப்புள்ளிக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் விடியற்காலையில் லாயத்திலிருந்து தொலைபேசி வந்தது. ‘ஐயா, இன்று இடது விலாவெல்லாம் மரத்தூள் ஒட்டியிருக்கிறது’ என்றார் மேலாளர்.