நம்பிக்கையின் வெப்பநிலை

எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குப் புள்ளியியல் இயற்பியலை நான் பனிக்கட்டியிலிருந்துதான் தொடங்குவேன். ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் அது உருகவே கூடாது. ஒரு கிராம் உருக ஏறக்குறைய 334 ஜூல் செலவாகிறது. ஆனாலும் 0 டிகிரிக்கு மேலே நீர்தான் ஜெயிக்கிறது, ஏனென்றால் மூலக்கூறுகள் நீராக இருக்கக்கூடிய வழிகள் அத்தனை ஏராளம். ஆற்றல் எவ்வளவு, அமையும் வழிகள் எத்தனை என்ற இரண்டையும் இயற்கை சேர்த்தே எடைபோடுகிறது.

எதை நம்புவது என்ற கேள்விக்கும் இதே கணக்குதான் என்பது என்னை இன்றும் உலுக்குகிறது. ஏறக்குறைய ஒரே கோட்டில் பத்துப் புள்ளிகள், எக்ஸ் 1 முதல் 10 வரை. ஒன்பதாம் படி வளைவு ஒன்று பத்தையும் துல்லியமாகத் தொட்டுவிடும். நேர்கோடு எதையும் சரியாகத் தொடாது. இப்போது அந்த வளைவில் ஒன்பதாம் படியின் கெழுவைப் பத்து லட்சத்தில் ஒன்று கூட்டிப் பாருங்கள்: கடைசிப் புள்ளியில் வளைவு 1000 அலகு எகிறிவிடும். கோட்டின் சாய்வை அதே அளவு கூட்டினால் கண்ணுக்கே தெரியாது. சான்றைக் கொண்டு நம்பிக்கையைத் திருத்தும் பேய்ஸ் முறை ஒரு மாதிரியின் மிகச் சிறந்த பொருத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை. கெழுக்களின் எல்லா மதிப்புகளுக்கும், தரவைப் பார்க்கும் முன்பே நமக்கிருக்கும் முன்நம்பிக்கையின் எடை போட்டுக் கூட்டுகிறது. அந்தக் கூட்டலில் கோடு முந்துகிறது. பிழையை ஆற்றல் என்று எழுதினால் இது புள்ளியியல் இயற்பியலில் போல்ட்ஸ்மனும் கிப்ஸும் போட்ட கூட்டலேதான். அந்தக் கூட்டலைக் கணினியில் போட 1953-ல் லாஸ் அலமோஸில் மெட்ரோபோலிஸும் ரோசன்புளூத், டெல்லர் தம்பதியரும் மேனியாக் கணினியில் 224 துகள்களைத் தற்செயலாக அசைத்துப் பார்த்தார்கள். அந்த முறையின் வாரிசுகளைக் கொண்டுதான் இன்று புள்ளியியலாளர்கள் பேய்ஸ் கணக்குகளைப் போடுகிறார்கள்.

அந்த வளைவைப் போல, ஒரு சொல் பிசகினால் மொத்தமும் சரியும் கொள்கையை ஆத்திகரும் மெச்சுகிறார், நாத்திகரும் மெச்சுகிறார். விவரங்கள் சற்று மாறினாலும் நிற்கும் நம்பிக்கைக்கே நான் அதிக எடை கொடுப்பேன். எந்த விவரத்தோடும் ஒத்துப்போகும் நம்பிக்கைக்குக் கொடுக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் இடம் வைக்கும் மாதிரியும் தன் எடையைச் சிதறவிடுவதால் இந்தக் கூட்டலில் தோற்கும்.

அமையும் வழிகளை அளக்கும் என்ட்ரோபி என்பது, உதாரணமாக ஒரு வாயுவைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியாது என்பதன் அளவு என்று 1957-ல் எட்வின் ஜேன்ஸ் வாதிட்டார். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. யாருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பனிக்கட்டி உருகுகிறது. அதன் வெப்பநிலையை வெப்பமானி சொல்லும். நம்பிக்கைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அது குறையக் குறைய நம்பிக்கை உறுதியாகும்; ஆனால் அதை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. பேய்ஸ் விதி அதன் வெப்பநிலையை 1 என்று நிலைநிறுத்திவிடுகிறது, கூட்டவும் குறைக்கவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஆழ்ந்த நரம்பு வலைகளில் அதை 1-க்குக் கீழே இறக்கினால் கணிப்பு மேம்படுவதை 2020-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சான்று சொல்வதற்கும் மேலாக உறுதியாக நம்புவது பலன் தருகிறது! முன்நம்பிக்கை தவறு என்கிறார்கள் சிலர், தரவைக் கையாண்ட விதத்தைக் குற்றம் சொல்கிறார்கள் வேறு சிலர். முன்நம்பிக்கையில்தான் கோளாறு இருக்கிறது என்பது என் எண்ணம். பல லட்சம் கெழுக்களைப் பற்றி முன்கூட்டி எதை நம்புவது நியாயம் என்பதை இன்னும் யாரும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை.