சாசனத்துக்கு மேலான சட்டம்

மனிதர் கூடி வகுத்த சட்டத்துக்கு மேலாக, மனிதர் வகுக்காத சட்டம் ஒன்று உண்டா என்று கேட்டால், சமயங்கள் அனைத்தும் உண்டு என்றே தயக்கமின்றி விடை கூறும். ஆனால் அந்த விடையை வழிபாட்டு வேளையில் கேட்டுத் தலையசைப்பது வேறு. சட்டத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒருவர், சட்டம் இயற்றும் சபையிலேயே எழுந்து நின்று அதைச் சொல்வது வேறு. 1850-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி, அமெரிக்க செனட் சபையில், நியூயார்க் ராஜ்யத்தின் பிரதிநிதியாகிய வில்லியம் ஹென்றி சீவர்ட் அதைச் சொன்னார்.

மெக்சிகோவிடமிருந்து வென்று பெற்ற நிலங்களில் அடிமை முறையை அனுமதிப்பதா கூடாதா என்று தேசம் இரண்டுபட்டு நின்ற சமயம் அது. நான்கு நாட்களுக்கு முன்புதான், வழக்கறிஞர்களுள் சிகரமெனப் போற்றப்பட்ட டேனியல் வெப்ஸ்டர், ஐக்கியம் குலையாதிருக்கும் பொருட்டுத் தென் ராஜ்யங்களோடு சமரசம் செய்துகொள்ளுமாறு அதே சபையில் வாதாடியிருந்தார். சீவர்ட் அதற்கு உடன்படவில்லை. அந்த நிலங்கள் மனித குலம் முழுமைக்கும் படைத்தவன் அளித்த பொதுச் சொத்து என்றும், நாம் அதன் தர்மகர்த்தாக்களேயன்றி உடைமைக்காரர் அல்லர் என்றும், அரசியல் சாசனம் அவற்றை நீதிக்கும் சுதந்திரத்துக்கும் உரியவையாக்குவது போலவே, சாசனத்துக்கும் மேலான சட்டம் ஒன்றும் அவ்வாறே விதிக்கிறது என்றும் அவர் வாதித்தார். சாசனத்தை மீறலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் அந்த ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, இவர் அராஜகத்துக்கு வழி திறக்கிறார் என்று எதிரிகள் ஆர்ப்பரித்தார்கள்.

அவர்களுடைய ஆட்சேபம் அற்பமானதன்று. அவரவர் மனச்சாட்சியே மேலான சட்டமென்றால், அதைப் படித்துப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு? தென்னாட்டுப் பாதிரிமார் பலர் அதே விவிலியத்தை விரித்து வைத்துக்கொண்டு அடிமை முறைக்கு ஆதாரம் காட்டவில்லையா? இதற்கு விடை செனட் பேச்சில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆபர்ன் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில்தான் அது இருக்கிறது.

வில்லியம் ஃப்ரீமன் ஒரு கறுப்பின வாலிபன். குதிரை திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, நான் திருடவில்லை என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், 1840-இல் ஐந்து ஆண்டுத் தண்டனை விதித்து ஆபர்ன் சிறையில் அடைத்தார்கள். அங்கே ஒருவன் பலகையால் தலையில் ஓங்கி அடித்ததில் காது மந்தமாயிற்று. புத்தியும் மெல்ல மெல்ல மங்கியது. வெளியே வந்தபின், வீணாய்ப்போன ஐந்து ஆண்டுகளுக்குக் கூலி தரவேண்டும் என்று கேட்டு அலைந்தான். 1846 மார்ச்சில் ஓர் இரவு, தன் சிறைவாசத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து, சிறு குழந்தை உட்பட நால்வரைக் குத்திக் கொன்றான். பிடிபட்டபோது, விசாரணையே வேண்டாம், இவனை இங்கேயே தூக்கிலிடுவோம் என்று ஊர் கொதித்தது.

இவனுக்காக வாதாட யாரேனும் உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுந்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பொழுது எழுந்தவர், நியூயார்க்கின் கவர்னராக இருந்து ஓய்ந்து, அதே ஊரில் வக்கீல் தொழில் நடத்திவந்த சீவர்ட். இவன் சாகும்வரை இவனுடைய வக்கீல் நானே என்றார். எதிரே அரசுத் தரப்பில் நின்றவரோ முன்னாள் ஜனாதிபதி வான் பியூரனின் புதல்வர். ஊதியம் கிடையாது, கிடைத்ததெல்லாம் அயலாரின் வெறுப்பே.

சித்தம் கலங்கிய ஒருவனிடம் பாவத்தைச் சுமத்தலாகுமா என்பதே அந்த வழக்கின் கேள்வி. ஃப்ரீமனுக்கு எழுத்து வாசனையே இல்லை. ஆயினும் வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், படிப்பதாகவே எண்ணிக்கொண்டு, பக்கத்தில் இல்லாத சொற்களையெல்லாம் முணுமுணுப்பான். மரண தண்டனை கூறப்படும் வேளையில், ஏதேனும் சொல்வதற்கு உண்டா என்று நீதிபதி கேட்டதற்கு, தெரியாது என்றான். சீவர்ட் தோற்றார். மேல் விசாரணையில் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. ஆனால் மறு விசாரணைக்கு வருமுன்பே, 1847 ஆகஸ்டில், ஃப்ரீமன் சிறையறையில் மாண்டான். பிறகு வைத்தியர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, மூளை நோயால் கெட்டிருந்தது தெரியவந்தது.

மேலான சட்டத்தைச் சொல்லித் தன் உடைமையைக் காத்துக்கொள்பவன் ஒருவன். அதே சட்டத்தைச் சொல்லித் தன் பெயரையும் நிம்மதியையும் பிறனுக்காகப் பணயம் வைப்பவன் இன்னொருவன். அடிமையை வைத்திருந்தவனின் வேத வியாக்கியானம் அவனுக்கே லாபம் தந்தது. சீவர்டின் வியாக்கியானம் அவரிடமிருந்தே பறித்தது. இருவரும் ஒரே நூலைப் படித்தார்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சீவர்ட் என்றும் தளராதவர் என்று நான் சொல்லமாட்டேன். 1861-இன் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் மூளாதிருக்கவேண்டி, அடிமை முறை உள்ள ராஜ்யங்களில் அதைத் தொடாமல் விட்டுவிடச் சாசனத்திலேயே உறுதி அளிக்கலாம் என்று அவர் இறங்கி வந்தார். நாற்பது லட்சம் மனிதரின் விடுதலையைவிட ஐக்கியம் பெரிதென்னும் சமரசம் நியாயமாகாது என்று அவருடைய மனைவி பிரான்சிஸ் கடிதம் எழுதிக் கண்டித்தார். அந்த அம்மையார் பக்கமே நியாயம் இருந்தது. தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அத்தம்பதியின் ஆபர்ன் வீட்டில் அடைக்கலம் கிடைத்ததும் பெரிதும் அவருடைய உறுதியாலேயே. சட்டத்தின் கண்ணில் அன்றும் தப்பியோடிய அடிமையாகவே இருந்த ஹேரியட் டப்மனுக்கு, 1859-இல் அவ்வூரருகே வீடும் நிலமும் விற்றவர் சீவர்ட். அப்போது அவர் செனட் உறுப்பினர்.

பிற்காலத்தில் லிங்கனின் மந்திரியானதும், 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியதும் பாடப் புத்தகங்களில் உள்ளவை. அந்தக் கொலை வழக்கின் வாதத்தை முடிக்கும்போது, தம் உடல் இந்த மண்ணில் அடங்கிய பின், யாரோ ஒரு வழிப்போக்கனோ, செவ்விந்தியனோ, நீக்ரோவோ எளிய கல் ஒன்றை நாட்டி, தாம் விசுவாசமாக இருந்ததாக அதில் பொறிக்கக்கூடும் என்று அவர் கூறியிருந்தார். 1872-இல் அவர் காலமானார். ஆபர்ன் ஊரின் ஃபோர்ட் ஹில் இடுகாட்டில் அவருடைய கல்லறைமீது, அவர் விசுவாசமாக இருந்தார் என்னும் பொருள்பட அந்த வாசகமே பொறிக்கப்பட்டிருக்கிறது.