ஐம்பது ரூபாய் தானே, பாஸ்டர்?

தியானப் பகுதி: லூக்கா 14:28-30, நீதிமொழிகள் 13:11



வாலிபர் கூட்டத்தில் கேள்விப் பெட்டி வைப்பது நம் சபையில் வழக்கம். பேர் எழுத வேண்டியதில்லை. கடந்த கூட்டத்தில் வந்த ஒரு சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "போன்ல அம்பது ரூபா கட்டி போக்கர் டோர்னமெண்ட் ஆடுறது பாவமா? இது லாட்டரி மாதிரி இல்ல, மூளைய வச்சு ஆடுறது. அம்பது ரூபா தானே பாஸ்டர்?" இதை எழுதின தம்பி யாராயிருந்தாலும், ஒளிக்காமல் கேட்டதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்ல மனமில்லை, ஆகவே இந்த மாதத் தியானத்தை அதற்கே கொடுக்கிறேன்.

முதலாவது ஒரு காரியம். சூதாட்டத்தைப் பேர் சொல்லித் தடைபண்ணுகிற நேரடிக் கட்டளை வேதத்தில் இல்லை. இருப்பதுபோலச் சில பிரசங்கிமார் பேசுகிறார்கள். இன்றைய பிள்ளைகள் பிரசங்கம் முடியுமுன்னே போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். இல்லை என்று கண்டதும் மீதிப் பிரசங்கத்தையும் தள்ளிவிடுகிறார்கள். சத்தியத்தைக் காக்கிறதற்குப் பொய்யின் துணை தேவையில்லை.

"வேதத்திலேயே சீட்டுப் போட்டிருக்கிறார்களே" என்றும் கேட்கிறார்கள். மெய்தான். யோசுவா சீலோவிலே சீட்டுப் போட்டு தேசத்தைப் பங்கிட்டான் (யோசுவா 18:10). யோனா ஏறின கப்பலில் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவைச் சீட்டினால்தான் தெரிந்துகொண்டார்கள் (அப். 1:26). ஆனால் அந்த இடங்களில் யாராவது பணம் கட்டினார்களா? ஒருவன் பையிலிருந்து இன்னொருவன் பைக்கு ஏதாவது போனதா? இல்லையே! பொருளுக்காகச் சீட்டுப் போட்ட இடம் ஒன்று புதிய ஏற்பாட்டில் உண்டு, அது எங்கே என்று உங்களுக்கே தெரியும். யோவான் 19:23, 24-ஐத் திறந்து பாருங்கள். நாலு சேவகர், தையலில்லாத ஒரு அங்கி. மேலே உலகத்தின் பாவம் சுமந்து தீர்க்கப்படுகிறது. கீழே ஒரு துணிக்காகச் சீட்டு! அந்த அங்கி என்ன பெரிய விலை இருந்திருக்கும்? சின்னப் பந்தயம்தான், தம்பி. நம்ம ஐம்பது ரூபாய் ஆட்டம் மாதிரிதான். அந்தச் சின்ன ஆட்டம் முடிகிறவரை அவர்கள் தலை நிமிரவில்லை. சிலுவைக்கு அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருந்தும் காணவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். இதிலே ஜனங்களுக்கு நிறையக் குழப்பம் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி ஒழிந்தது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் பெற்றது. அதே வருஷம் நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி, அவைகளுக்கு அந்தத் தடை செல்லாது என்றது. அதற்குப்பின் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது என்று சட்டம் செய்தது. 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதலும் ஆயிற்று. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. நம் தேசத்துக் கம்பெனிகள் கடையைச் சாத்தின. உடனே டெலிகிராமில் வெளிநாட்டு சைட் லிங்க் வர ஆரம்பித்தது, விபிஎன் போட்டு ஆடலாம், ஏஜெண்டுக்கு ஜிபே பண்ணினால் போதும் என்கிறார்கள். ஆடுகிறவனை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு விசுவாசி ஒளிந்து நுழைய வேண்டிய வாசல் எப்படிப்பட்ட வாசல்? உள்ளே போட்ட பணம் வராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவான்?

சரி, சட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டவர் லூக்கா 14-ல் என்ன சொல்லுகிறார்? கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கட்டும் என்கிறார். நாமும் கணக்குப் பார்ப்போம்.

ஒரு ஆட்டத்துக்கு 55 ரூபாய் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 பரிசுக்கு, 5 நடத்துகிறவனுக்கு. நூறு பேர் சேர்ந்தால் பரிசுப் பணம் 5,000. நடத்துகிறவனுக்கு 500, அவன் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை, ஜெயித்தாலும் தோற்றாலும் அவனுக்கு அது வந்துவிடும். பரிசு எத்தனை பேருக்கு? பத்திலிருந்து பதினைந்து பேருக்குத்தான். மற்ற 85 பேர் வெறுங்கையாய்ப் போவார்கள். முதலாவது வருகிறவனுக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு கிடைக்கலாம். பதினைந்தாவது ஆளுக்குக் கட்டின பணத்தோடு கொஞ்சம் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

"நான் நல்லா ஆடுவேன் பாஸ்டர்" என்கிறாயா? நம்புகிறேன். போக்கரில் திறமை இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக இருபது ரூபாய் லாபம் எடுக்கிற கெட்டிக்காரன் நீ என்றே வைத்துக்கொள்வோம். 55 ரூபாய்க்கு 11 ரூபாய் லாபம். ஒரு டோர்னமெண்ட் மூன்று மணி நேரம் ஓடும். மணிக்கு நாலு ரூபாய்கூட இல்லை! அதிலும் 2023 ஏப்ரல் முதல் நிகரமாக ஜெயித்த தொகைக்கு 30 சதவீத வருமான வரி. அதே அக்டோபரில் கட்டுகிற முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தபோது கெட்டிக்காரனுடைய லாபமும் எங்கே போயிற்று? சித்தாள் வேலைக்குப் போகிற நம் சகோதரி உன்னைவிட எத்தனையோ மடங்கு சம்பாதிக்கிறாள், தம்பி. இது அந்தக் கெட்டிக்காரனுடைய கணக்கு. மற்றவர்களுடைய கணக்கை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. ஐந்து ஆட்டத்துக்கு ஒன்றில் பரிசு வாங்குகிற நல்ல ஆட்டக்காரன்கூட, தொடர்ந்து பத்து ஆட்டம் ஒன்றுமில்லாமல் போகிறது சகஜம். அந்தப் பத்து நாள் இருக்கிறதே, அங்கேதான் பிசாசானவன் காத்திருக்கிறான். "ரீ-எண்ட்ரி" என்று ஒரு பட்டன் வரும். அமுக்கினால் 55 என்பது 110 ஆகும், இன்னொரு தரம் அமுக்கினால் 165. பதினைந்து பேருக்குப் பரிசு என்றால் பதினாறாவதாய் வெளியே வருகிறவன் தூங்குவானா? "இன்னும் ஒரே ஒரு ஆள் போயிருந்தா நான் உள்ள" என்று அதையே நினைத்துப் புரளுவான்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாய்ப் படுகிறது நேரம். டோர்னமெண்ட் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்க முடியாது. எழுந்தால் நம் காய்கள் தன்னால் கரைந்துகொண்டேயிருக்கும். கட்டாயப் பந்தயம் சில நிமிஷத்துக்கு ஒருதரம் ஏறிக்கொண்டே போகும். இராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தவன் பதினொரு மணிவரை அதற்குச் சொந்தம். குடும்ப ஜெபம் எத்தனை மணிக்கு? பிள்ளை "அப்பா, வீட்டுப்பாடம்" என்று நோட்டோடு வந்து நிற்கிறது எத்தனை மணிக்கு? எதற்கும் அடிமையாகமாட்டேன் என்று பவுல் எழுதினான் (1 கொரி. 6:12). ஐம்பது ரூபாய்க்கு அடிமையானாலும் அடிமை அடிமைதானே!

இப்போது அந்தத் தம்பியின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன்: இது மூளை ஆட்டம். நீதிமன்றத்தில் இந்த வாதம் உதவலாம். தேவ சமுகத்தில் இது குற்றத்தைக் கூட்டத்தான் செய்யும். எப்படி? அதிர்ஷ்டத்தினால் வந்தது என்றால் மற்றவனுடைய பணம் உன்னிடம் தற்செயலாய் வந்தது என்றாவது சொல்லலாம். திறமை என்றால், உன்னைவிடத் தெரியாதவன் ஒருவனைத் தேடிப்பிடித்து அவனுடைய பணத்தை எடுக்கிறாய் என்றுதானே அர்த்தம்? போக்கர் ஆடுகிறவர்கள் பாஷையில் சரியாக ஆடத் தெரியாதவனுக்கு ஒரு பேர் உண்டு, "ஃபிஷ்". மீன்! தேவ ஜனமே, நம் ஆண்டவர் கடற்கரையில் பேதுருவை அழைத்தது மனுஷரைப் பிடிக்கத்தான். அவன் பிடித்த மனுஷர் பிழைத்தார்கள். இங்கே பிடிபடுகிறவன் மாசக் கடைசியில் அரிசிக்கு வைத்த பணத்தோடு பிடிபடுகிறான். ஐம்பது ரூபாய் மேஜையில் கோடீஸ்வரன் உட்காருவதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவன், காலேஜ் பையன், டெலிவரி வேலை பார்க்கிறவன், நம்மைப்போன்றவர்கள்தான் உட்காருகிறார்கள்.

மளிகைக்கடைக்காரர் லாபம் எடுக்கிறார். நானும் பருப்போடு வீட்டுக்கு வருகிறேன், இரண்டு பேருக்கும் நன்மை. இந்த ஆட்டத்தில் ஒருவன் சிரிக்க வேண்டுமானால் எண்பத்தைந்து பேர் இழக்க வேண்டும். பிறனுடைய பொருளை இச்சிக்கிறதைப் பத்தாம் கற்பனை விலக்குகிறது (யாத். 20:17). எபேசியர் 4:28-ல் அப்போஸ்தலன் கையால் உழைக்கச் சொல்லுகிற காரணத்தையும் பாருங்கள்: இல்லாதவனுக்குக் கொடுக்கிறதற்கு. இந்த ஆட்டத்தில் இல்லாதவனிடத்திலிருந்தே வாங்குகிறோம். (ஆட்டத்தில் பொய்யாய்ப் பயமுறுத்துகிறார்களே, அது பொய்ச் சாட்சியா என்று ஒருவர் கேட்டார். அது எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி, அதை நான் பெரிதுபண்ணவில்லை.)

பைபிள் காலேஜில் ஏசாயா படித்தபோது 65:11-ல் நின்றுவிட்டேன். கர்த்தரை மறந்த ஜனங்கள் காத் என்பதற்குப் பந்தி ஆயத்தம்பண்ணி, மேனி என்பதற்குப் பானபலி வார்த்தார்களாம். எபிரெயத்தில் ஒன்று அதிர்ஷ்டம், மற்றொன்று விதி. கோவில் கட்டவில்லை, ஒரு மேஜை போட்டார்கள், போதுமாயிருந்தது! இன்றைக்கு அந்த மேஜை பச்சை நிறத்தில் போன் திரைக்குள்ளே இருக்கிறது.

ஒரு குடும்பத்தின் காரியத்தை அந்தச் சகோதரியின் அனுமதியோடு எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கணவர் குடிக்கிறவர் அல்ல, ஆராதனைக்குத் தவறுகிறவர் அல்ல. 2024-ல் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டப் போனபோது கணக்கில் பணம் இல்லை. சகோதரி பேங்கில் ஸ்டேட்மெண்ட் எடுத்தார்கள். பக்கம் பக்கமாக 55, 55, 110, 55. ஒரு நாளும் முந்நூறைத் தாண்டவில்லை. பதினொரு மாதத்துக்குக் கூட்டினால் இருபத்தி மூவாயிரத்துக்கும் மேல். ஜெயித்துத் திரும்பி வந்தது ஒன்பதாயிரம் சொச்சம். "பெரிசா ஏதாவது பண்ணியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன் பாஸ்டர், இப்படிச் சின்னச் சின்னதா போயிருக்கே" என்று அந்தச் சகோதரி என் மனைவியிடத்தில் அழுதார்கள். திராட்சத்தோட்டத்துக்குப் பெரிய மிருகம் வந்தால் நாய் குரைக்கும். குட்டி நரிக்கு யார் குரைப்பது? மகளிர் குழுவில் லோன் போட்டுத்தான் அந்த ஃபீஸ் கட்டினார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்தச் சகோதரன் இன்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சம்பளத்தையும் அவர்கள் கையில் கொடுக்கிறார். கடன் இன்னும் நாலு தவணை இருக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

"ஜெயித்த பணத்தில் தசமபாகம் கொடுத்தால் ஆசீர்வாதமாகுமே" என்று ஒருவர் கவரில் பணம் போட்டுக் கொண்டுவந்தார். நம் சபைக் கட்டிடத்துக்கு மேற்கூரை இன்னும் பாதிதான் போட்டிருக்கிறோம், மழைக்கு எல்லோரும் ஒரு பக்கமாய் ஒதுங்குகிறோம், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியர்களே காணிக்கைப் பெட்டியில் போடத் துணியவில்லை (மத். 27:6). அவர்களுக்கு இருந்த பயம்கூட நமக்கு இருக்கவேண்டாமா? அவருக்கு வருத்தம்தான். இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை, பிறகு வந்தார்.

காசில்லாமல் பொழுதுபோக்குக்கு ஆடலாமா என்றால், அதைப் பாவம் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஒருதரம் காசு வைத்து ஆடி விழுந்தவன் சும்மா ஆட்டத்துக்கும் போகவேண்டாம். குடித்து விட்டவன் ஒயின்ஷாப் வாசலில் நின்று சோடா குடிக்கிற மாதிரி அது.

இந்தக் கட்டில் இருக்கிறவர்களுக்கு. இன்றைக்கே ஆப்பை எடுத்துப்போடுங்கள், லிங்க் அனுப்புகிற குரூப்பை விட்டு வெளியே வாருங்கள், ஆறு மாத ஸ்டேட்மெண்ட் எடுத்து மனைவியும் நீங்களுமாக உட்கார்ந்து கூட்டுங்கள். இழந்ததை ஆடித் திரும்ப எடுக்கலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம். கடன் நெருக்கி, செத்துவிடலாமா என்ற நினைவு வருகிறவர்கள் தனியாய் இருக்கவேண்டாம்; எந்த நேரத்திலும் எனக்குப் போன் பண்ணுங்கள், அரசாங்கத்தின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணுக்கும் பேசுங்கள், கட்டணமில்லை. ஜெபிக்கிறவன் டாக்டரிடம் போகலாமா என்று கேட்கவேண்டாம். பவுலோடே கூடப் போன லூக்கா வைத்தியன்தானே.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பின்கட்டு அறைக்கு வாருங்கள். கதவைச் சாத்திக்கொள்ளலாம். மனைவியோடு வந்தால் இன்னும் நல்லது.