சமைப்பவரும் ஓர் உயிர்

அறுபது வயதை எட்டப்போகிற ஒருத்தி சமையற்கட்டை இடித்துக் கட்டவேண்டும் என்று ஆசைப்படுவது சரிதானா? இதை என்னிடம் கேட்டவர் என் கணவரின் அண்ணன். பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாதப் பூசத்துக்கு வடலூர் போகத் தவறாதவர். "ஏம்மா, ஒவ்வொண்ணா விடவேண்டிய வயசுல புதுசா ஒண்ணைப் பிடிச்சுக்கலாமா?" என்றார். குரலில் அதட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனாலேயே அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக மனம் வரவில்லை.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் வீடு. மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை விசாலம், கூடம் விசாலம். சமையற்கட்டு மட்டும் பின்கட்டில் ஒடுங்கிக் கிடக்கிறது. அக்னி மூலை என்று தென்கிழக்கில் வைத்தார்கள். கிழக்கு நோக்கி நின்று சமைக்கவேண்டும் என்றார்கள். ஆனால் அந்தக் கிழக்கில் ஒரு சன்னல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் முந்திரி விறகுக்குப் பஞ்சமில்லை. அதை எரித்து எரித்தே அத்தையின் காலம் போயிற்று. ஊதாங்குழலும் இருமலுமாகத்தான் அவர் என் நினைவில் இருக்கிறார். பிறகு கேஸ் வந்தது, கடப்பைக்கல் மேடை வந்தது. மேடை உயரம் போதாமல் குனிந்தே கிண்டவேண்டும். பாத்திரம் துலக்கக் கொல்லைக்குப் படி இறங்கவேண்டும். கிரைண்டர் தாழ்வாரத்தில்.

நான் காணும் கனவு பெரிதல்ல. கிழக்குச் சுவரில் அகலமாக ஒரு சன்னல். நிமிர்ந்து நிற்கும்படி ஒரு மேடை. உள்ளேயே சிங்க். உட்கார்ந்து காய் நறுக்க ஓர் இடம். கூடத்தைப் பார்க்கத் திறக்கும் ஒரு வாசல்.

இது பற்றா? துன்பத்துக்கு வேர் ஆசை என்றார் புத்தர். நம் சித்தர்களும் ஆசையை அறுக்கத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யென்று நான் நினைக்கவில்லை. ஆனால் துறந்தவர்களுக்கும் உணவு ஒரு வீட்டு அடுப்பிலிருந்துதான் வந்தது. மணிமேகலைக்குக் கிடைத்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அதில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை, ஓர் இல்லத்தரசி. அவள் கைச்சோறு விழுந்த பிறகே அது ஊரின் பசியைத் தீர்த்தது. பாரதத்தில் சூரியன் கொடுத்த அட்சய பாத்திரத்துக்கு வேறொரு விதி. திரௌபதி சாப்பிட்டு முடித்ததும் அன்றைக்கு அது வற்றிவிடும். ஆகவே எல்லோரும் உண்டபின் கடைசியில்தான் அவள் உண்ணமுடியும். தெய்வம் தந்த பாத்திரமும் அவளைக் கடைசிப் பந்தியில்தான் உட்காரவைத்தது. என் அத்தையும் அடுப்படித் தரையில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். அதைத் தியாகம் என்று புகழ்ந்தோம். புகழ்ந்ததனாலேயே அவருடைய முதுகுவலியை யாரும் விசாரிக்கவில்லை.

பெரிய மாமாவுக்கு நான் வள்ளலார் வழியாகவே பதில் சொல்லவேண்டும். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். சாதி, சமயம் கேளாமல் பசித்தவர் எவருக்கும் சோறு என்பது அங்கே நடைமுறையாயிற்று. ஞானசபை வந்தது 1872இல். முதலில் அடுப்பு, பிறகு சபை. இந்த வரிசையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசியை முதன்மையாகப் பேசும் வள்ளலார், உயிர்களை வருத்தும் மற்றவற்றையும் சேர்த்தே சொல்கிறார். பிணியும் அவற்றில் ஒன்று.

பிணி அடுப்படியிலேயே பிறக்கிறது. விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் எரித்துச் சமைக்கும் வீடுகளின் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒருவர் பசியை ஆற்ற இன்னொருவர் நுரையீரலைக் கொடுக்கிறார் என்றால், அந்தச் சோற்றில் காருண்யம் பாதிதான் இருக்கிறது. சமைப்பவரும் ஓர் உயிர். அவரையும் கணக்கில் சேர்த்தால்தான் அது முழுமையாகும்.

சமையலறையைத் திருத்துகிறவர்கள் எல்லோரும் இதில் கரைசேர்ந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஆறடிக்குச் சற்று மேல், நீளம் பதினோரு அடி. எட்டி எடுக்கும் தூரத்தில் எல்லாப் பொருளும். உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. வீட்டுவேலையில் பெண்ணின் நேரம் வீணாகக்கூடாது என்பது அவர் எண்ணம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்த அறை பெண்ணைத் தனிமைப்படுத்திவிட்டது என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். கை நோவு குறைந்தது, கூட ஒரு கை சேர வழியில்லாமல் போயிற்று. நான் கூடத்துப் பக்கம் வாசல் கேட்பது இதற்காகத்தான். மகனும் பேரனும் உள்ளே வந்து வெங்காயம் உரிக்கவேண்டும்.

அந்த வாசலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கூடத்தில் வள்ளலார் படத்தின்முன் விளக்கு அணைந்ததில்லை. அதே வீட்டில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் சமையற்கட்டு நிலைப்படியைத் தாண்டக்கூடாது. கொல்லையில் நெல் குத்திக்கொடுத்த பெண்கள் எந்த நாளிலும் தாண்டக்கூடாது. அவர்கள் குத்திய அரிசிக்கு இல்லாத தீட்டு அவர்கள் காலுக்கு மட்டும் எப்படி வந்தது? சமரசம் கூடத்தில் இருந்தது, பின்கட்டுவரை வரவில்லை. சுவரை இடிப்பதென்றால் அதையும் சேர்த்துத்தான் இடிக்கவேண்டும்.

இனி என் ஆசையை நானே சோதிக்கவேண்டும். எந்த ஆசை யாருடைய நோவைக் குறைக்கிறது, எது பிறர் கண்ணுக்காக மட்டும் வளர்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். கடையில் மயக்கிய பளபளப்பான கப்போர்டு கதவுகள், வெளிநாட்டு டைல்ஸ், கண்ணாடி அலமாரி எல்லாம் இரண்டாம் பக்கம் போயின. அவற்றை விட்டுவிட்டேன். விட்டதில் வருத்தமில்லை. பெரிய மாமா சொன்ன துறவு இந்த இடத்தில் எனக்குப் பயன்பட்டது. சன்னல், மேடை, சிங்க், வாசல் நான்கும் முதல் பக்கத்தில் நின்றன. அவை எனக்குப் பின் இந்த அடுப்பில் நிற்கப்போகிற கைகளுக்கும் சேர்த்து. அந்தக் கை பெண்ணுடையதாக மட்டும் இருக்கக்கூடாது என்பதும் என் ஆசையில் அடக்கம்.

பற்றை விடுவதும் அக்கறையை விடுவதும் ஒன்றல்ல. தன் வசதியைத் துறப்பது ஒருவருடைய உரிமை. இன்னொருத்தியின் இடுப்பையும் கண்ணையும் காவுகொடுத்துவிட்டு அதற்குத் துறவு என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அன்னதானம் செய்கிற ஒவ்வொரு மண்டபமும், கோயில் மடைப்பள்ளியும், 1982இல் விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் ஒவ்வொரு பள்ளிக்கூட அடுப்படியும் இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளட்டும்: இங்கே சமைப்பவருக்கு மூச்சுவிடக் காற்று வருகிறதா? நிமிர்ந்து நிற்க முடிகிறதா? சூடு ஆறுமுன் அவருக்கும் ஒரு தட்டு உண்டா? எத்தனை பேருக்குச் சோறிட்டோம் என்ற எண்ணிக்கையை அதற்குப் பிறகு எழுதலாம்.