விற்பவன் எவ்வளவு சொல்ல வேண்டும்?



எமது சமூகத்தில் வீடு விற்றவர்கள் இருக்கிறார்கள். கார் விற்றவர்கள், நடந்துகொண்டிருந்த கடையைக் கைமாற்றியவர்கள் இருக்கிறார்கள். விமானம் விற்றவர்கள் அதிகம் இல்லை. ஆகவே நாங்கள் மூன்று நண்பர்கள் எங்கள் பழைய விமானத்தை விற்ற கதையைச் சொல்லத் தொடங்கினால், இது பெரிய இடத்துச் சங்கதி என்று சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். அப்படியொன்றும் இல்லை. ஐம்பது வருடப் பழைய சிறிய விமானத்தின் மூன்றில் ஒரு பங்கு, புதிய கார் ஒன்றின் விலைக்குக் கிட்ட வரும். அவ்வளவுதான். அதை விற்கும்போது எங்களுக்கு எழுந்த கேள்வி எல்லா வீட்டுக்கும் பொதுவானது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

பழையது என்பது ஒரு குறையல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. 'சீதா தேவி' என்று பெயர் சூட்டப்பட்டிருந்த அந்த டக்கோட்டாவும் இரண்டு எஞ்சின் விமானந்தான். யுத்த காலத்தில் உழைத்துவிட்டுக் கைமாறி வந்த விமானந்தான். எங்கள் பெற்றோர் தலைமுறை அண்ணாந்து பார்த்து அதிசயித்தது அப்படியான விமானங்களை. பாவித்த பொருளை விற்பதிலும் வாங்குவதிலும் இழுக்கு எதுவும் இல்லை.

எங்களுடையது பைப்பர் அஸ்டெக். ஆறு பேர் இருக்கலாம். இறக்கைக்கு ஒன்றாக, 250 குதிரைவலுவுள்ள இரண்டு லைக்கொமிங் எஞ்சின்கள். பல வருடங்கள் பட்டன்வில் விமான நிலையத்தில் வைத்திருந்தோம். 2023 நவம்பர் முடிவோடு அந்த நிலையம் மூடப்பட்டது. ஸ்காபரோவிலிருந்து இருபது நிமிடத்தில் போய்வந்த எங்களுக்கு அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நீண்ட பயணமாயிற்று. வயதும் போய்விட்டது. விற்பது என்று முடிவு செய்தோம்.

விமானத்தில் திருத்த வேண்டிய வேலைகள் இருந்தன. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரிவது. அஸ்டெக்கின் இறக்கைக்குள் எரிபொருளைத் தாங்குவது இறப்பர்ப் பைகள். காலப்போக்கில் இறப்பர் காய்ந்து வெடிக்கும். சிறு விமானங்களின் பெற்றோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். ஆதலால், கசிந்தால் இறக்கையின் அடிப்பக்கத்தில் நீலக் கறை விழும். எங்கள் வலது இறக்கையில் அந்தக் கறை இருந்தது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அளந்தால் தெரிவது. எஞ்சின் சிலிண்டருக்குள் 80 இறாத்தல் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு நின்றுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். இடது எஞ்சினில் ஒரு சிலிண்டர் மற்றவற்றிலும் பார்க்கக் குறைவாகக் காட்டியது. வாங்குபவர் கூட்டிவரும் மெக்கானிக் எவரும் அரைமணி நேரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது, எங்கள் மூவருக்கு மாத்திரம் தெரிந்தது. 2023 பெப்ரவரியில் ஒருநாள் கிங்ஸ்ரனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இறங்குவதற்காகச் சில்லுகளை வெளியே விட்டபோது மூன்று பச்சை விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன. வட்டமிட்டபடியே கைப்பம்பை அடித்தோம். சற்று நேரத்தில் மூன்றாவது விளக்கும் எரிந்தது. சுகமாக இறங்கினோம். அதன் பிறகு அப்படி ஒருமுறையும் நடக்கவில்லை. வருடாந்தப் பரிசோதனையில் விமானத்தை ஜாக்கியில் ஏற்றிச் சில்லுகளைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்துப் பார்த்தபோதும் ஒழுங்காகவே வேலை செய்தது. குளிருக்கு எண்ணெய் இறுகியிருக்கும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

பறக்கும்போது தென்படும் பழுதைப் பயணப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது கனடாவின் விமான விதி. நாங்கள் எழுதவில்லை. எழுதினால் விமானம் சில நாட்கள் நிற்கும், செலவு வரும், அடுத்த சனிக்கிழமைப் பயணம் கெடும். ஒரு வரிதானே என்று விட்டுவிட்டோம். இந்தக் குற்றம் எங்களுடையது. வேறு எவர் மீதும் இதைச் சுமத்த முடியாது.

வாங்க வந்தவர் எங்கள் பிள்ளைகளின் வயதுள்ள ஒரு தமிழ் இளைஞர். மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். நீலக் கறையையும் சிலிண்டரையும் கண்டார்கள். அதற்கேற்ற விலை பேசினோம். கடைசியில் அவர் கேட்டார்: "அண்ணை, இனி வேறை ஏதும் இருக்கோ?"

"யோசிச்சுச் சொல்லுறம், தம்பி" என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு எங்களுக்குள் நடந்த வாதந்தான் இக்கட்டுரையின் பொருள்.

எங்களில் ஒருவர் சொன்னார்: "அவன்ரை மெக்கானிக் பாத்தவன்தானே? நாங்கள் ஏன் வாயைக் குடுக்கவேணும்?" இது வெறும் தந்திரப் பேச்சல்ல. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. வாங்குபவனே விழித்திரு என்பது ஆங்கிலச் சட்ட மரபின் பழைய விதி. ஒன்ராறியோவில் வீடு விற்பவரும் கண்ணுக்குத் தெரியும் குறைகளைத் தாமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் சாதாரணப் பரிசோதனையில் அகப்படாத, குடியிருப்போருக்கு ஆபத்தான குறை ஒன்றை விற்பவர் அறிந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சட்டங்கூட அந்த இடத்தில் ஒரு கோடு கீறுகிறது.

இக்கேள்வி இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட பழமை உடையது. உரோம அறிஞர் சிசெரோ கி.மு. 44 இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வணிகனைக் கொண்டுவருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அவன் அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்துடன் வருகிறான். பின்னால் வேறு பல கப்பல்களும் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? டயோஜெனஸ் என்ற ஆசிரியர், சட்டம் கேட்கும் குறைகளைச் சொல்லிப் பொய்யின்றி விற்றாற் போதும் என்கிறார். அவருடைய மாணவர் அந்திபாத்தர், வாங்குபவனுக்குத் தெரியாத எதையும் விற்பவன் தனக்குள் வைத்திருக்கக்கூடாது என்கிறார். சிசெரோ மாணவர் பக்கம் சாய்கிறார். எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பதெல்லாம் மறைத்தல் ஆகாது. ஆனால் மற்றவனுக்குத் தெரிந்தால் அவனுக்கு நன்மை என்று அறிந்தும், தன் ஆதாயத்துக்காக அவன் அறியாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவதே மறைத்தல் என்பது அவர் முடிவு.

எங்கள் மரபும் இதற்கு வேறுபட்டதல்ல. திருவள்ளுவர் வணிகருக்கான அறத்தை 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. பொருள் தேடும் வழிகளைச் சொல்லும் இடத்தில் அவர் அதை வைக்கவில்லை. விற்பவன் தராசு முள்ளைப்போல நடுவில் நிற்க வேண்டியவன் என்பதே அதன் கருத்து.

இரண்டாவது நண்பரின் பேச்சு வேறு விதம். "ஒருக்காத்தானே நடந்தது. அது குளிராலைதான். இல்லாத பழுதைச் சொல்லி அந்தப் பொடியனை ஏன் பயப்படுத்துவான்?" இதுதான் எங்களை அதிகம் மயக்கியது. ஏனெனில் இதில் பொய் எதுவும் தெரியவில்லை. நாங்கள் உண்மையாகவே அப்படித்தான் நம்பினோம்.

ஆனால் அந்த நம்பிக்கை எப்படி வந்தது? 1877 இல் டபிள்யூ. கே. கிளிபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். குடிபெயரும் மக்களை ஏற்றிப் போகும் கப்பல். பழையது, திருத்த வேண்டியது என்று அவருக்கே ஐயம். செலவை நினைத்து, எத்தனையோ முறை சுகமாகப் போய்வந்த கப்பல்தானே என்று மனத்தைத் தேற்றி, கடைசியில் மனதார நம்பியே அனுப்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் தாழ்கிறது. அவர் மனதார நம்பினார் என்பது சாட்டாகாது, அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிபர்ட். அதற்குமேல் ஒரு படியும் போகிறார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் ஒரு துளியும் குறையாது என்கிறார்.

குடிபெயரும் மக்களின் கப்பல் என்பது எங்களுக்கு வெறும் உதாரணம் அல்ல. 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அந்தப் படகுகள் எவ்வளவு தாங்கும் என்பதை அறியும் வழி ஏறியிருந்தவர்களுக்கு இல்லை. இன்னொருவர் அறிந்திருந்ததையும் அறியாதிருந்ததையும் நம்பியே அவர்களின் உயிர் இருந்தது. அந்த நிலையை அனுபவித்த சமூகம் நாங்கள். மற்றவர்களை அதே நிலையில் வைப்பதற்கு முன்பு கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

இங்கே ஒரு நுட்பமான விடயம் உண்டு. வாங்குபவர் தெரிந்துகொண்டு ஆபத்தை ஏற்கலாம். அது அவர் உரிமை. பின் ஆசனத்தில் இருக்கப்போகும் அந்த இரண்டு பிள்ளைகளும் எதையும் ஏற்கவில்லை. பேரம் எங்களுக்கும் அவருக்கும் இடையில் நடந்தது. விளைவு எங்களோடு நிற்பதல்ல.

அன்றியும், இரண்டு எஞ்சின் என்றால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். சிறு விமானங்களில் அது முழு உண்மையல்ல. ஒரு எஞ்சின் நின்றால் வலுவில் பாதிதான் போகும். ஆனால் மேலே ஏறும் திறனில் ஐந்தில் நாலு பங்கோ அதற்கும் கூடவோ போய்விடும். விமானம் நின்ற பக்கம் திரும்ப இழுக்கும். எங்கள் விமானத்தில் சில்லுகளை இயக்கும் பம்ப் இடது எஞ்சினில் மாத்திரமே இருந்தது. பலவீனமான சிலிண்டரும் அதே எஞ்சினில். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சிறிய குறைகள். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியவரிடம் நாங்கள் ஒன்றை மாத்திரமே கொடுத்திருந்தோம்.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 1972 ஜூன் 12 ஆம் திகதி, எங்கள் ஒன்ராறியோவின் வின்ட்சர் நகருக்கு மேலே, டீசி-10 விமானமொன்றின் சரக்கறைக் கதவு பறந்துபோனது. அதிலிருந்த 67 பேரும் தப்பினார்கள். கதவைத் திருத்தும்படி கட்டாய உத்தரவு போடாமல், தயாரிப்பாளரும் அமெரிக்க அதிகாரிகளும் தங்களுக்குள் பேசி, ஆலோசனைக் குறிப்பு ஒன்றோடு காரியத்தை முடித்துக்கொண்டார்கள். 1974 மார்ச் 3 ஆம் திகதி பாரிஸ் நகருக்கு அருகே அதே வகை விமானம், அதே கதவு. 346 பேரும் மாண்டார்கள். அந்த விமானத்தின் கதவில் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்று செய்யப்பட்டதாகப் பதிவேடு சொன்னது. உண்மையில் செய்யப்பட்டிருக்கவில்லை. பதிவேடு பொய் சொன்னால், அதை நம்பும் ஒவ்வொரு மெக்கானிக்கும் அறியாமலே பொய்யனாகிறார்.

மூன்றாவது நண்பரின் தடைதான் கடினமானது. "என்ரை பங்கு மகளின்ரை படிப்புக்கெண்டு வைச்சது. உங்கடை மனச்சாட்சிக்கு அவள் ஏன் காசு கட்டவேணும்?" இதற்கு எங்களிடம் இலகுவான பதில் இல்லை. தன் பணத்தில் நல்லவனாக இருப்பது ஒன்று, கூட்டாளியின் பணத்தில் நல்லவனாக இருப்பது வேறொன்று. நெடுநேரம் பேசிய பின் நாங்கள் கண்டது இதுதான்: சொல்லாமல் விற்றால் கிடைக்கும் கூடுதல் தொகை எங்கள் மூவருடையதும் அல்ல. அது வாங்குபவரின் அறியாமைக்கு அவர் கட்டும் விலை. ஆகவே மகளுக்கு உரிய எதையும் நாங்கள் குறைக்கவில்லை. அவளுக்கு உரியதல்லாததை அவள் பெயரில் வாங்காமல் விட்டோம். அந்த நண்பர் இதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சம்மதித்தார். அவருக்கு விழுந்த துண்டை மற்ற இருவரும் ஓரளவு பகிர்ந்துகொண்டோம்.

மறுநாள் இளைஞரை அழைத்துச் சொன்னோம். எழுதாமல் விட்ட வரியை, பின்னர் எழுதியது என்று குறிப்பிட்டு, பதிவுப் புத்தகத்திலும் எழுதினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று மாத்திரம் கேட்டார். தலைகுனிந்தோம். இரண்டு கிழமை அவரிடமிருந்து சத்தமில்லை.

பிறகு வந்தார். சில்லுத் தொகுதியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். மெக்கானிக்கால் திட்டமாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. முற்காப்பாகப் பழைய இறப்பர் வளையங்களையும் குழாய்களையும் மாற்றினார். விலை மேலும் இறங்கியது. உண்மை சொன்னதற்குப் பரிசு கிடைத்தது என்று இக்கதையை முடிக்க எங்களுக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. காசு குறைந்தது, அவ்வளவுதான். ஒருவேளை அன்று குளிர்தான் காரணமோ என்னவோ. கிளிபர்ட் சொன்னபடி பார்த்தால், அதனால் எதுவும் மாறாது.

1970 இல் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை, 2001 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானது. விற்பவர் சொல்வதை எவரும் நம்பாத சந்தையில் நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது, ஆகவே நல்ல பொருள் வைத்திருப்பவர்கள் விலகிப்போவார்கள் என்று அவர் காட்டினார். ஸ்காபரோவில் நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வீடும் காரும் கடையும் வாங்குவது, தெரிந்த ஆள் என்ற ஒரே நம்பிக்கையில்தான். மழைக்குத் தண்ணீர் ஊறும் நிலவறைச் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்துவிட்டு வீட்டைக் காட்டும்போது, அந்த நம்பிக்கையில் ஒரு பகுதியையும் சேர்த்தே விற்றுவிடுகிறோம்.

எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கு நாங்கள் கண்ட ஓர் அளவுகோலை உங்கள் முன் வைக்கிறோம். ஒரு பொருளை விற்கும்போது, அதைப்பற்றி வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசும் விடயம் எதுவோ, அதுதான் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய விடயம்.

அவர் கேட்கும் வரை காத்திருக்கவும் கூடாது. நாங்கள் காத்திருந்தோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.