காரணத்தை எதுவரை தேடுவது?

பொத்தானை அழுத்தியதும் மோட்டார் முனகுகிறது. தொட்டியில் நீர் அசையவில்லை. சில நொடிகளில் முனகலும் அடங்கிவிடுகிறது; சூடு தணிந்தபின் மீண்டும் முனகி, மீண்டும் அடங்குகிறது. அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் இருக்கும் ‘ஹாட் டப்’ என்ற வெந்நீர்த் தொட்டியைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இந்த நோய்க்குறி நன்றாகப் பழகியது. வீட்டுக்காரர் அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: என்ன காரணம்? தத்துவ வரலாற்றில் இவ்வளவு பழைய கேள்விகள் குறைவு.

முனகலுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் அழகானது. ஒற்றை பேஸ் மின்சாரம் மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்தப்புலம் சுழல்வதில்லை. ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகத் துடிக்கிறது. நின்றிருக்கும் தண்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தத் துடிப்பு சொல்லாது. அதற்காகத்தான் இரண்டாவது காயில் ஒன்றும் அதோடு ஒரு கண்டன்சரும். கண்டன்சர் அந்தக் காயிலின் மின்னோட்டத்தைச் சற்று முந்த வைக்க, புலம் சுழலத் தொடங்குகிறது, தண்டும் அதன் பின்னே போகிறது. கண்டன்சர் போய்விட்டால் மின்சாரம் முழுதாக வந்தும் தண்டு நகராது. காயில் சூடேறும், வெப்பக்காப்பு சுவிட்ச் துண்டிக்கும்.

ஆனால் பேரிங் இறுகிப்போனாலும் இதே முனகல்தான். நீரைத் தள்ளும் இம்பெல்லரில் ஏதாவது சிக்கிக்கொண்டாலும் இதே முனகல்தான். ஒரே அடையாளம் பல காரணங்களுக்குப் பொதுவாக இருந்தால் அதைக்கொண்டு எதையும் உறுதியாக அனுமானிக்க முடியாது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அனுமானத்துக்கு ஆதாரமாகக் காட்டும் ஏதுவின் குற்றங்களைச் சொல்லும்போது இதை அநைகாந்திகம் என்கிறார். தேர்ந்த மெக்கானிக் முனகலை நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. மின்சாரத்தை முழுதாகத் துண்டித்து, கண்டன்சரில் தேங்கிய மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறார். லேசாகச் சுற்றினால் கண்டன்சர் மேல் சந்தேகம். அதன் மைக்ரோபாரட் அளவை மீட்டரில் பார்க்கிறார். சுற்றாவிட்டால் பேரிங்கையும் இம்பெல்லரையும் திறந்து பார்க்கிறார்.

கண்டன்சர் என்றே முடிவானது என்று வைத்துக்கொள்வோம். புதியது போட்டதும் நீர் சுழல்கிறது. காரணம் கிடைத்துவிட்டதா?

கைக்குத் தெரியாத அளவில் தண்டு பிடித்துப் பிடித்துச் சுற்றியதால் மோட்டார் வேகம் எடுக்கத் திணறியிருக்கலாம். தொடங்கும் நேரத்துக்கு மட்டும் என்று செய்யப்பட்ட கண்டன்சரை, வேகம் வந்ததும் விலக்கிவிட வேண்டியது மையவிலக்கு சுவிட்ச். வேகம் வராததால் அது திறக்காமலே கிடக்க, கண்டன்சர் வெந்துபோயிருக்கலாம். தண்டு ஏன் பிடித்தது? சீல் கசிந்து பேரிங்கில் நீர் புகுந்தது. சீல் ஏன் கசிந்தது? நீரின் அமிலத்தன்மையை யாரும் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? இப்படியே போனால் முடிவில்லை. இந்தியத் தருக்க நூல்கள் இதை அநவஸ்தை என்று சொல்லி, வாதத்தின் குற்றமாகவே கருதின.

ஆங்கிலத் தத்துவவாதி ஆர். ஜி. காலிங்வுட் 1940இல் வெளியான ‘மெட்டாபிசிக்ஸ் பற்றிய ஒரு கட்டுரை’ என்ற நூலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டினார். அவருடைய உதாரணமும் ஒரு பழுதுதான். ஏற்றத்தில் ஒரு கார் நின்றுவிடுகிறது. மலையுச்சி உயரத்தில் இருப்பதே காரணம் என்று ஒருவர் விளக்கினால் அது பொய்யல்ல. ஆனால் ஓட்டுநரால் மலையைத் தட்டையாக்க முடியாது. கழன்று கிடக்கும் ஒரு கம்பியை எடுத்துக் காட்டுபவர் சொல்வதே அவருக்குக் காரணம், ஏனென்றால் அதை மாட்ட அவரால் முடியும். நம் கை எட்டும் இடத்தில் இருப்பதுதான் நமக்குக் காரணம் என்பது காலிங்வுட்டின் கருத்து. ஒரே விபத்துக்கு ஓட்டுநரும் சாலைப் பொறியாளரும் கார் செய்தவரும் வெவ்வேறு காரணம் சொல்வார்கள் என்றும் அவர் காட்டினார்.

பௌத்தம் இதே இடத்துக்கு வேறு வாசல் வழியாக வருகிறது. மணிமேகலையின் 30ஆம் காதை பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளை விரிக்கிறது. மூப்பும் சாவும் எதனால் வந்தன என்று புத்தர் பின்னோக்கித் தேடிப் போனதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. நோய்க்குறியிலிருந்து மூலத்துக்குப் போகும் பாதை அது. அதே புத்தர், நச்சு அம்பு தைத்தவன் எய்தவனின் குலம் தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் செத்துப்போவான் என்றும் சொன்னார். தேடலை எங்கே நிறுத்துவது என்பதைத் துன்பம்தான் தீர்மானிக்கிறது: அது திரும்பி வராத இடம்வரை போக வேண்டும், அதற்குமேல் வேண்டாம். கண்டன்சரை மாற்றிவிட்டுக் கிளம்பும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் ஈரமான பேரிங்கை விட்டுவிட்டுப் போனால், கேட்க வேண்டிய கேள்வியைப் பாதியில் விட்டவர் ஆகிறார்.

காலிங்வுட்டின் கருத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கை எட்டுவதே காரணம் என்றால், ஒவ்வொருவரும் தம் கையைச் சுருக்கிக்கொண்டு விலகிவிடலாம். 2002 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மூழ்கி இறந்தாள். அவளை விடுவிக்க வளர்ந்த ஆண்கள் இருவரின் பலம் தேவைப்பட்டது. நீரை உறிஞ்சுவதுதான் பம்பின் வேலை, அதைத்தான் அது செய்தது. பம்பை மட்டும் சோதிப்பவருக்கு அங்கே பழுது என்று எதுவும் தென்படாது. அவளுடைய தாய் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. வடிகால் மூடியின் வடிவத்தையும், நீர் போக ஒரே வழிதான் இருந்ததையும் காரணம் என்று சொல்லி நாடாளுமன்றம்வரை போனார். மகளின் பெயரிலேயே வர்ஜீனியா கிரேம் பேக்கர் பாதுகாப்புச் சட்டம் 2007 டிசம்பரில் கையெழுத்தாகி, ஓராண்டில் நடைமுறைக்கு வந்தது. பொது நீச்சல் குளங்களும் வெந்நீர்த் தொட்டிகளும் ஆளைப் பிடித்துவைக்காத மூடிகளைப் பொருத்தியாக வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் மூடிகள் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டுக் கொல்லையில் இருக்கும் பழைய தொட்டிக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டவில்லை. அங்கே போய்த் திறந்து பார்ப்பவர், முனகும் மோட்டாருக்காக அழைக்கப்பட்ட மெக்கானிக்தான். வெயிலும் குளோரினும் பட்ட பிளாஸ்டிக் மூடி நாளடைவில் விரிசல் விடும். புதிய மூடிகளில் அவற்றின் ஆயுட்காலத்தை அச்சிட்டே விற்கிறார்கள். கண்டன்சரை மாற்றி மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு முன்னால் அவர் அந்த மூடியையும் பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் அதைப் பற்றிக் கேட்டிருக்காவிட்டாலும்.